மூத்தவர் முறைத் தண்ணீர்

“அப்ப இது தண்ணிய எண்ணிப்போடுமுங்களா?”

“தண்ணிய எண்ணாதுங்க அம்மணி. சக்கரம் எத்தன சுத்து சுத்துதோ, அத எண்ணும். தண்ணி வெசையா உழுந்தா சக்கரம் வெசையா சுத்தும். நூலாட்டம் வந்தா நின்னு நின்னு சுத்தும்.”

“மோட்டாரு காத்த உறிஞ்சுனா?”

“சக்கரமும் நின்னுக்கும். அது நிக்கறது நாலு பேருக்குத் தெரியோணும்னுதானுங்களே கேட்டீங்க?”

கேட்டவள் பாவாத்தாள். செட்டிபாளையத்துக்குத் தெற்கே செம்மண் காட்டில் சின்ன வெங்காயம் போட்டிருந்தாள். பதில் சொன்னவர் யூனுஸ். போத்தனூர் ஜங்ஷனுக்குப் பின்னால் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை அவருடையது. கடைக்குள் எந்நேரமும் வார்னிஷ் வாசனை இருக்கும். வெந்துபோன மோட்டார்கள் வயிறு பிளந்து வரிசையாகக் கிடக்கும். செப்புக் கம்பிச் சுருள்கள் ஆணிகளில் தொங்கி, ரயில் போகும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கும்.

மேசைமேல் ஒரு பழைய சைக்கிள் சக்கரம் இருந்தது. கம்பிகளுக்கு இடையில் தகரத் துண்டுகளை வெட்டிப் பொருத்தியிருந்தார். சக்கரத்தின் விளிம்பில், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு காந்தம். பக்கத்தில் ஒரு கால்குலேட்டர். அவருடைய மைத்துனர் துபாயிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. பேட்டரி கிடையாது. தலையில் கறுப்பாக ஒரு பட்டை, அதில் வெளிச்சம் பட்டால் போதும்.

ஒன்று, கூட்டல், ஒன்று, சமம் என்று அமுக்கினால் இரண்டு வரும். பிறகு சமக்குறியை அமுக்க அமுக்க ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். அந்த ஒரு பொத்தானுக்கு அடியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து, விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் முடிந்திருந்தார். குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் அருகில் வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். விரலால் அமுக்குவதற்குப் பதில் காந்தம் அமுக்கும், அவ்வளவுதான்.

யூனுஸ் சக்கரத்தைத் தட்டிவிட்டார். கால்குலேட்டரில் எண்கள் ஓடின. பாவாத்தாள் குனிந்து, மூச்சு விடாமல் பார்த்தாள். யாருடைய விரலும் படாமல் எண் பிறப்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

“எங்கூட்டுக்காரரு வண்டியில கிலோமீட்டர் ஓடறாப்பல” என்றாள்.

“அதச் சொல்லித்தானுங்க என்னைய இதுல இழுத்து உட்டீங்க. ரெண்டு நாளா கடை வேலையே ஓடுல. எங்கூட்டுல திட்டு.”

அவள் அங்கே முதலில் வந்தது இதற்காக அல்ல. அந்தக் கோடையில் அவர்களுடைய மோட்டார் இரண்டு தடவை வெந்துபோனது. இரண்டு தடவையும் அவள் ஓட்டும்போதுதான். கிணற்றில் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் காயில் கருகத்தான் செய்யும் என்று யூனுஸ் சொன்னார். எங்கள் கிணற்றில் காலையில் தண்ணீர் இருக்கிறது, என் முறைக்கு மட்டும் இல்லை என்று அவள் சொன்னாள். ஆனால் வீட்டில் யாரும் நம்புவதில்லை என்றும் சொன்னாள்.

“நாஞ் சொன்னா அது பொம்பள பொலம்பறதுங்க. எண்ணு சொன்னா என்ன பண்ணுவாங்கன்னு பாக்கலாம்.”

கிணறு இரண்டு வீட்டுக்குப் பொது. மூத்தவர் குமாரசாமி. இளையவர் சென்னியப்பன், பாவாத்தாளின் கணவர். இவர்களுடைய அப்பன் உயிரோடு இருக்கும்போதே காட்டை இரண்டாகப் பிரித்துக் கல் நட்டார். கிணற்றுக்குள் கல் நட முடியாதல்லவா? அதனால் நேரத்தைப் பிரித்தார். மோட்டாருக்கான கரண்ட் விடிந்ததும் வந்து மதியத்தில் போய்விடும். அதில் முன்பாதி மூத்தவனுக்கு, பின்பாதி இளையவனுக்கு. மோட்டார் ரூம் சுவரில் ஒரு டைம்பீஸை வைத்தார். அந்தப் பங்கில் ஒரு நிமிடம் கூடாது, ஒரு நிமிடம் குறையாது. நியாயமான மனிதர் என்று ஊர் இன்றைக்கும் சொல்லும்.

அவர் அதைச் செய்த காலத்தில் கிணறு படி மூழ்கக் கிடந்தது. முன்பாதியா பின்பாதியா என்று யாருக்கும் நினைக்கத் தோன்றவில்லை. இப்போது மழை தடம் மாறிவிட்டது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டும் வந்து பனையைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போகிறது, கூடவே வரும் சாரலைக் காணோம். ஐப்பசி முழுக்க வானம் கழுவிக் கவிழ்த்த வட்டில் மாதிரி கிடக்கிறது. கார்த்திகையில் ஒரே பொழுதில் கொட்டி, வரப்பை உடைத்து, மண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடிப்போகிறது. சில வருடங்களாகவே இப்படித்தான். கிணறு இரவெல்லாம் ஊறி, விடியும்போது ஒரு மட்டத்துக்கு நிற்கும். அதை மூத்தவர் முறை இறைத்து முடித்துவிடும். இளையவர் முறைக்குப் பாறை இடுக்கில் கசிவதும் அடிச்சேறும்தான். டைம்பீஸ் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

குமாரசாமி கெட்டவர் இல்லை. தன் முறை முடிந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார், ஒரு நிமிடம் கூட எடுத்துக்கொள்ள மாட்டார். அதனாலேயே அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை. தம்பி காடு காய்கிறது என்றால், தம்பி பெண்டாட்டிக்கு வாய்க்கால் கட்டத் தெரியவில்லை, பாதித் தண்ணீரை ஒழுகவிடுகிறாள் என்று நினைத்தார். நினைத்ததோடு நில்லாமல் டீக்கடையிலும் சொன்னார். அது சுற்றி வந்து பாவாத்தாள் காதில் விழுந்தது.

அவளால் திருப்பிக் கேட்க முடியாது. எங்கள் பக்கத்துப் பழைய குடும்பங்களில் தம்பி மனைவி, கணவனின் அண்ணனான மச்சாண்டாரிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. அவர் வந்தால் எழுந்து ஒதுங்கி நிற்பாள். மாமா என்று கூப்பிட வேண்டும் என்று கல்யாணத்தின்போது சொல்லிக்கொடுத்திருந்தார்கள், கூப்பிடும்படி ஒருநாளும் அமைந்ததில்லை. சண்டைகூட மூன்றாவது ஆளை நடுவில் வைத்துத்தான். அந்த மூன்றாவது ஆள் பொன்னாத்தாள், குமாரசாமியின் மனைவி. அவள் இல்லாதபோது எருமை. மோட்டார் ரூம் சாவிகூடக் கைக்குக் கை மாறாது. முன்னால் நிற்கும் வேப்பமரத்தில் ஓர் ஆணி இருக்கிறது. முறை முடிந்தவர் மாட்டுவார், முறை வந்தவர் எடுத்துக்கொள்வார்.

அன்று பொழுது சாய, சென்னியப்பன் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை முடிந்து வந்தார். காது மடல்களில் கருமணல் ஒட்டியிருந்தது. அரிசியும் பருப்புஞ்சோறு ஆக்கி, மேலே நெய் விட்டு வைத்துவிட்டு, சக்கரத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் பிசைந்த கையை நிறுத்தினார்.

“அண்ணனுக்குக் கணக்கு வெக்கறதாட்ட இருக்குது புள்ள.”

“அவியளுக்கு வெக்கலீங்க. கெணத்துக்கு வெக்கறேன்.”

“ஊர்ல சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமுங்க. சிரிக்கறவிய காட்டுல வெங்காயம் காயல.”

வெங்காயத்துக்கு அது காய் பிடிக்கும் பருவம். தாள் பச்சையாக நிமிர்ந்து நிற்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. இந்தச் சமயத்தில் ஈரம் விட்டுப்போனால் காய் பட்டாணி அளவில் நின்றுவிடும், பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் பெருக்காது. அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு விதைக்காய் எடுத்து வைப்பதும் இந்தக் காட்டிலிருந்துதான். இது போனால் அந்தப் பட்டமும் போகும். அதற்குப் பிறகு அவளும் பவுண்டரிக்கு மணல் சலிக்கப் போக வேண்டியதுதான். சென்னியப்பனுக்கும் அது தெரியும். சோற்றைப் பார்த்துக்கொண்டே, தான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துப் பாயை வரச்சொல் என்றார். அவரிடமிருந்து வரக்கூடிய சம்மதம் அவ்வளவுதான்.

யூனுஸ் சக்கரத்தை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். குமாரசாமி எழுந்து போய் வரவேற்றார். வாங்க பாய், வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல மோரு குடிங்க என்று செம்பை நீட்டினார். குடித்து முடிக்கும்வரை வந்த காரியம் என்னவென்று கேட்கவில்லை. பிறகு சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

“ஏனுங்க பாய், ரங்கராட்டினத்துக்குப் புள்ளைகளெல்லாம் எப்ப வரும்?”

“நீங்க ஏறுங்க கவுண்டரே, மொத சுத்து உங்களுக்குத்தான்.”

குமாரசாமி வாய்விட்டுச் சிரித்தார். தொட்டியிலிருந்து தண்ணீர் பொது வாய்க்காலில் விழும் இடத்தில் சக்கரத்தைப் பொருத்துவதற்கு அவரே கல்லைப் பிடித்தார். என் முறையிலும் இது சுற்றுமா என்று கேட்டார். இரண்டு முறையிலும் சுற்றினால்தான் நியாயம் என்றார் யூனுஸ்.

“சுத்தட்டுமுங்க. நானென்ன திருடியா வெச்சிருக்கறேன்” என்றார் குமாரசாமி. அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் பாவாத்தாளுக்கு என்னவோ செய்தது.

முதல் நாள் மூத்தவர் முறை முடியும் நேரத்துக்கு, எண்ணைப் பார்க்க அவள் மம்பட்டியோடு வந்தாள். கால்குலேட்டரின் மேல் ஒரு துண்டு நான்காக மடித்துப் போர்த்தியிருந்தது. எடுத்துப் பார்த்தாள். வெறும் சாம்பல் நிறக் கண்ணாடி. சற்று நேரத்தில் பூஜ்யம் ஒன்று எழுந்து வந்து நின்றது.

பொன்னாத்தாள் எருமைக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். “வெயில்ல காயுது, தண்ணி வேற தெறிக்குது, பாவமேன்னு அவியதான் மூடி வெச்சாங்க அம்மணி” என்றாள்.

குமாரசாமி தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டினார். “நல்லதுக்குத்தாஞ் செஞ்சேன்னு சொல்லு.”

அவர் வேண்டுமென்றே செய்தாரா, உண்மையிலேயே அந்தச் சின்னப் பொருளுக்கு இரக்கப்பட்டாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. மழைக்குச் சாக்கைப் போர்த்துவது, வெயிலுக்குத் துண்டைப் போடுவது, இதுதான் அவர் அறிந்த அக்கறை. வெயிலைத் தின்று உயிர் வாழும் ஒன்றை அவர் அதுவரை பார்த்ததில்லை.

பாவாத்தாள் எருமையின் பக்கம் திரும்பினாள்.

“கேட்டுக்கிட்டயா? வெயிலக் குடிச்சு இருக்கறதுக்குத் துண்டப் போத்துனா அது செத்துத்தான் போகும். இனிமே இந்தக் காட்டுல ஆரும் ஆருக்கும் நல்லது செய்ய வேண்டாம்னு சொல்லு.”

எருமை தட்டை மென்றது. பொன்னாத்தாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தை எருமையின் வயிற்றுக்குப் பின்னால் மறைத்தாள். குமாரசாமி செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார்.

மறுநாள் அவள் விடியும்போதே வந்துவிட்டாள். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, கால்குலேட்டரை நிமிர்த்தி வைத்து அதன்மேல் கவிழ்த்தாள். தெறிக்கும் தண்ணீருக்கு அது போதும். தொட்டிக்கு முதுகைக் காட்டி வரப்பில் உட்கார்ந்தாள். மூத்தவர் முறை முழுவதும் அப்படியே இருந்தாள். குழாயிலிருந்து தண்ணீர் முழு வாயாக விழும் சத்தம். தகரங்கள் படபடக்கும் சத்தம். மூத்தவர் மஞ்சள் போட்டிருந்த காட்டுக்குள் ஈரம் பரவும் வாசனை. போத்தனூர்ப் பக்கம் ஏதோ ஒரு ரயில் நீளமாகக் கூவியது. திரும்பிப் பார்க்கவில்லை. எண் தன்பாட்டுக்கு முதுகுக்குப் பின்னால் வளர்ந்துகொண்டிருந்தது, இருட்டில் சுரைக்காய் வளர்கிற மாதிரி.

டைம்பீஸ் அடித்ததும் குமாரசாமி மோட்டாரை நிறுத்தினார். சாவியை ஆணியில் மாட்டினார். பாவாத்தாள் எழுந்து போய்ப் பாட்டிலைத் தூக்கினாள். நாலு இலக்கம். பொன்னாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். பொன்னாத்தாள் சத்தமாகப் படித்தாள். பிறகு பாவாத்தாள் கறுப்புப் பட்டையைக் கையால் பொத்தி எண்ணை அழித்தாள். ஒன்று, கூட்டல், ஒன்று, சமம். மோட்டாரைப் போட்டாள்.

வழக்கமாக இந்நேரம் குமாரசாமி வீட்டுக்குப் போயிருப்பார். அன்றைக்கு ஏனோ போகவில்லை. வேப்பமரத்தடியில் நின்று பீடி பற்ற வைத்தார். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தம்பி முறையை அவர் கூட இருந்து பார்த்தது அன்றுதான்.

முதலில் சக்கரம் நன்றாகத்தான் சுற்றியது. பாவாத்தாள் பாத்திக்குள் இறங்கி மடையைத் திருப்பினாள். இரண்டு பாத்தி நனைந்தது. மூன்றாவது பாத்தியின் வாயை வெட்டும்போது குழாய் இருமத் தொடங்கியது. தண்ணீர், காற்று, கொஞ்சம் சேறு, மறுபடி காற்று. சக்கரம் தயங்கியது, பாதி சுற்றி நின்றது. அவள் மம்பட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் ஊறவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி நிறுத்தினாள். அவளுடைய முறை முழுக்க அந்த ஓட்டம்தான். மடைக்கும் ரூமுக்கும், ரூமுக்கும் மடைக்கும். வாய்க்கால் கரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகத் தண்ணீர் வேண்டுமே.

கரண்ட் போனது. குமாரசாமி மெல்ல வந்து பாட்டிலுக்கு அருகில் குனிந்தார். எண் மூன்று இலக்கத்தைத் தாண்டியிருக்கவில்லை. அவர் தன் நிழல் அதன்மேல் விழாமல் ஓரமாக நகர்ந்து நின்று மறுபடி பார்த்தார். அந்த நகர்வைப் பாவாத்தாள் கவனித்தாள். அவரிடம் முதல் தடவையாக ஏதோ அசைந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது அதனால்தான்.

ஆனால் வாயில் வேறு வார்த்தை வந்தது. மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

“எண்ணறது சரியாத்தான் எண்ணுது. அதுக்காவ மொறைய அது வெக்குமா? அப்பன் வெச்சதுன்னு சொல்லு. எம்படது மஞ்சக் காடு. நாலு நாள் காஞ்சா கெழங்கு சூம்பிப்போகுமின்னும் சொல்லு.”

பொன்னாத்தாள் பாவாத்தாளைத் திரும்பிப் பார்த்தாள். சேதி போய்ச் சேர வேண்டியவள் நான்கு அடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

அடுத்து வந்த நாட்களிலும் சக்கரம் அதே கதையைத்தான் சொன்னது. டீக்கடையில் வாய்க்கால் ஒழுகல் பேச்சு நின்றுபோனது. குமாரசாமியே நிறுத்திவிட்டார் என்று சென்னியப்பன் வந்து சொன்னார். அண்ணன் மனசு இளகுது, அவசரப்படாத, கார்த்திகை வந்தா கெணறு நெறஞ்சுக்கும் என்றார். பாவாத்தாள் ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி அவர் முன்னால் வைத்தாள். தாள் முழங்கை நீளம் இருந்தது. அடியில் காய், சுண்டுவிரல் நகம் அளவு.

“இதுகிட்டச் சொல்லுங்க, கார்த்திக வரைக்கும் பொறுத்துக்கன்னு.”

அன்று மதியம் அவளுடைய முறை முடிந்தபோது சாவி ஆணிக்குப் போகவில்லை. மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டு அதை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் குமாரசாமி வந்தபோது அவள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். வழக்கம்போல் ஒதுங்கவில்லை. அவர் கை பழக்கத்தில் ஆணிக்குப் போய், வெறும் ஆணியைத் தடவி, திரும்பி வந்தது. பின்னால் பொன்னாத்தாள் பால் வாளியோடு நின்றாள்.

“சாவியக் காணோமுன்னு கேளு” என்றார் அவர்.

“சாவி எங்கிட்ட இருக்குதுன்னு சொல்லுங்க அக்கா. பூட்டத் தொறந்து நானே மோட்டாரப் போட்டிருக்கலாம். போடுலன்னும் சொல்லுங்க.”

“அப்பன் வெச்ச மொறைய மாத்தறதுக்கு இவ ஆருன்னு கேளு.”

“நான் மாத்துலீங்க அக்கா. மேல இருக்கற மானமே மொறைய மாத்திப் போட்டுது. ஆடி மழைய எடுத்துக்கிட்டுது, ஐப்பசி மழையக் கார்த்திகைக்குத் தள்ளிப்போட்டுது. அதுகிட்டப் போயி எங்க மாமனாரு வெச்ச மொறைன்னு சொல்ல முடியுமுங்களா? நாம மட்டும் மாறாம நின்னு ரெண்டு காட்டையும் காய உடறதான்னு கேளுங்க. இந்த வருசம் எம்படது. இன்னம் மழை கொறஞ்சா, அடுத்த வருசம் அவிய மொறையிலயும் அந்தச் சக்கரம் நிக்கும். அன்னிக்கு ஆரு காட்ட ஒழுகுதுன்னு சொல்லுவாங்கன்னும் கேளுங்க.”

குமாரசாமி மனைவியைப் பார்த்தார். பாவாத்தாளும் பார்த்தாள். பொன்னாத்தாள் வாளியைக் கீழே வைத்தாள்.

“எனக்கு முடியாதுங்க” என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. “இத்தன வருசமா உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நின்னு எங் காலு நோவுது. எல்லாருக்கும் காது கேக்குதில்ல? நீயே சொல்லிக்க அம்மணி.”

வாளியை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தாள். கட்டுத்தறியில் எருமையும் இல்லை, மேய்ச்சலுக்குப் போயிருந்தது.

மோட்டார் ரூமுக்குள் மூன்று சிவப்பு பல்புகளும் ஒரே சமயத்தில் எரிவது ஜன்னல் கம்பி வழியாகத் தெரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. டைம்பீஸின் சத்தம் வெளியே கேட்டது. வாய்க்காலில் சக்கரம் அசையாமல் நின்றது. கவிழ்த்த பாட்டிலுக்குள் முதல் வெயில் நுழைந்து, பூஜ்யம் ஒன்று மெதுவாகத் தெளிந்தது.

பாவாத்தாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். ஆணியில் மாட்டவில்லை. விரித்த உள்ளங்கையில் வைத்து, கையை நீட்டி, முக்காட்டைச் சரிசெய்யாமல் தலையை நிமிர்த்தி, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணோரம் சென்னியப்பனுக்கு இருப்பதுபோலவே அவருக்கும் ஒரு மச்சம் இருந்தது. இத்தனை வருடம் அது தெரியாது.

“மாமா, ஒரு நாளு உட்டு ஒரு நாளு மொத மொறைய எனக்குக் குடுங்க. இன்னிக்கிருந்தே குடுங்க.”